மெடோரா கடைசியாய்ப் போன வளைகுடா

மெடோராவைப் பற்றிக் கேட்டால் எங்கள் கோடியாக் தீவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் கதை கடைவாய்ப் பல்லில் தொடங்கும். அப்போது நாங்கள் தீவின் தென்கோடிக் கிராமத்தில் இருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை மெடோரா பல் வைத்தியரை ஏற்றிக்கொண்டு வரும். அதன் சாப்பாட்டு மேசையில் என்னைப் படுக்கவைத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். நான் போட்ட கூச்சலில் கரையிலிருந்த நாய்களெல்லாம் குரைத்ததாக அம்மா சாகிறவரை சொல்லிச் சிரித்தாள். பிடுங்கி முடித்ததும் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கிரீன்லாந்தின் பனிக்கட்டியை உடைப்பதற்கென்று உலகச் சண்டைக் காலத்தில் கட்டிய கட்டர் என்கிற காவல் கப்பல் அது. சண்டை முடிந்ததும் கடற்காவல்படை அதை எங்கள் பக்கம் அனுப்பியது. வந்தது வந்ததுதான், பிறகு போகவேயில்லை. கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோனது, எல்லை தாண்டி வந்த அயல்நாட்டு இழுவைப் படகுகளைத் துரத்தியது, இஞ்சின் நின்ற படகுகளைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. பெரிய வெள்ளியன்று பூமி அதிர்ந்து கடல் ஊருக்குள் புகுந்ததே, அன்று வீடிழந்தவர்களில் பாதிப் பேர் அதன் நடைவழிகளில்தான் படுத்துக் கிடந்தோம். நானும் என் சிநேகிதி லுகேரியாவும் அவள் தங்கச்சி பாஷாவும் ஒரே கம்பளிக்குள் ஒண்டிக்கொண்டு அவரை விதைக் கஞ்சி குடித்தோம். கேப்டன்கள் மாறினார்கள், பெயின்ட் மாறியது, பீரங்கியைக் கழற்றினார்கள். அதற்குள் ஊருக்கு அது கிழவியாகிவிட்டது. கப்பலென்று யாரும் சொல்வதில்லை. கிழவி வந்துட்டாளா, கிழவி போயிட்டாளா, அவ்வளவுதான் பேச்சு.

பாஷா கட்டிக்கொண்டது கிழவியின் இஞ்சின்காரனை. வென்டல் என்று பெயர். கடலையே பார்க்காத உள்நாட்டில் பிறந்தவன். வேறு கப்பலுக்கு மாற்றினாலும் அழுது கேட்டுத் திரும்ப இதற்கே வந்துவிடுவான். இப்போது இஞ்சின் பகுதிக்கு அவன்தான் தலைவன். "எனக்கு மூத்த சம்சாரம் அவதான், நான் ரெண்டாம்தாரம்" என்று பாஷா சொல்லுவாள்.

அந்தக் குளிர்காலத்தோடு கிழவிக்கு ஓய்வு என்று முடிவாகியிருந்தது. வசந்தத்தில் வேறு கப்பல் வரும். அதற்குள் ஒருநாள் கப்பலின் மூக்கான அணியத்தின் அடியறையில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது தகடு ஓட்டையாகிக் கடல் பீச்சியடித்ததாம். மரச்சட்டம் அடித்து, சிமென்ட்டைக் கொட்டி அடைத்திருக்கிறான் வென்டல். "வெளியில மூச்சு விடாத" என்று பாஷாவிடம் சொல்லியிருக்கிறான். அதனால் எனக்கு மட்டும் சொன்னாள்.

நண்டுப் படகுக்காரர்களைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எல்லா அடுப்படியிலும் ரேடியோ உண்டு. சாயங்காலம் படகுக்காரர்களெல்லாம் அதில் வந்து எங்கே இருக்கிறோம் என்று சொல்வார்கள். சொல்வதெல்லாம் பச்சைப் பொய். நண்டு கிடைக்கிற இடத்தைச் சொல்லிவிட்டால் மறுநாள் ஊர்ப் படகெல்லாம் அங்கே வந்து கூண்டு போடும். உண்மையைப் பொண்டாட்டியிடம் மட்டும்தான் சொல்வார்கள். ஆனால் அதையும் ஊரே கேட்கிற அதே ரேடியோவில்தான் சொல்லியாகவேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு குறிப்புப் பேச்சு உண்டு. என் வீட்டுக்காரர் ஸாவா கோழியை வைத்துச் சொல்வார். கோழி முட்டை போட்டுச்சா, அடை காக்குதா என்று. எங்களிடம் கோழியே கிடையாது.

லுகேரியாவின் புருஷன் நிக்கிஃபோர் 'ஆர்லீன்' என்ற படகுக்குக் கேப்டன். போன குளிர்காலத்தில் ரெண்டு சாயங்காலம் அவன் குரல் வரவில்லை என்று இவள் பயந்துபோய் மெடோராவைக் கூப்பிட்டுவிட்டாள். கிழவி கொந்தளிக்கிற கடலில் தேடிப்போனால், அவன் ஒரு மலை மறைவில் நங்கூரம் போட்டுவிட்டு மீன் வறுத்துக்கொண்டிருக்கிறான். ரேடியோவில் ஏதோ எரிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். துறையில் ஆம்பளைகள் அவளைச் சும்மா விடவில்லை. "லுகேரியா, எங்கையுறை ஒண்ணக் காணோம், கிழவியக் கொஞ்சம் கூப்புடேன்" என்பார்கள். நிக்கிஃபோர் அவளைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினான். அவன் வாயால் கேட்டாலொழிய இனி யாரையும் கூப்பிடக் கூடாது, இடத்தை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று.

ருஷ்யக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். வீடுவீடாக எடுத்துப்போய்ப் பாடிய நட்சத்திரம் அவள் வீட்டு மூலையில் சாத்தியிருந்தது. வாடை மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. நண்டு ஆலைக்குச் சரக்கு வராததால் எங்களுக்கு வேலையில்லை. ஸாவா வேலை பார்க்கிற ஹால்வரின் படகும் துறையில்தான் கிடந்தது. நான் லுகேரியா வீட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பிரோக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சோறும் சால்மன் மீனும் அடுக்கிச் சுடுகிற அந்த அப்பம் இல்லாமல் எங்களுக்கு விசேஷ வாரம் முடியாது. விடிய இன்னும் நேரமிருந்தது. ஜனவரியில் எங்களுக்கு விடிவதே முற்பகலில்தான்.

அப்போதுதான் ரேடியோவில் நிக்கிஃபோரின் குரல் வந்தது.

"ஆர்லீன்... ஐஸு ஏறிருச்சு... சாயுது... நாலு பேரு..."

பிறகு இரைச்சல். அவன் இடத்தைச் சொன்னானோ என்னவோ, எல்லாவற்றையும் இரைச்சல் விழுங்கிவிட்டது. தீவின் தென்முனைப் பக்கம் காவல் சுற்றிக்கொண்டிருந்த மெடோரா திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பதிலில்லை.

துறையிலிருந்து ஹால்வர் பேசினான். "மெடோரா, நிக்கிஃபோர் அல்பட்ராஸ் மேட்டுல இருக்கான். நேத்து சாயங்காலம் அவனே சொன்னான்."

ஆமாம் ஆமாம் என்று இன்னும் ரெண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் ஒவ்வொருவனும் தினம் பொய் சொல்கிறவன். நிக்கிஃபோர் சொன்னதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் வேறு எந்த இடத்தைச் சொல்வார்கள்? மெடோரா அல்பட்ராஸ் மேடு என்கிற அந்தக் கடலடித் திட்டுக்குத் திரும்புவதாகச் சொன்னது.

லுகேரியா மாவைப் பிசைந்துகொண்டேயிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பாஷா ஓடிவந்தாள். கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை.

"எங்க போகுதாம் கிழவி?"

"அல்பட்ராஸ் மேட்டுக்கு" என்றேன்.

"தீவுக்கு இந்தப் பக்கமா? அப்பாடா! அங்க வாடைய மலை மறைச்சுக்கும்." அப்படியே நாற்காலியில் விழுந்தாள். பிறகுதான் அக்காவைப் பார்த்தாள். "அத்தானுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கிழவி போய் எடுக்காத ஆளு இருக்கா இந்த ஊர்ல? நீ கலங்காத."

லுகேரியா மாவை இன்னும் ஓங்கிக் குத்தினாள்.

"ஏன்டி, மாவு கல்லாப் போச்சு. விட்டுத்தொலை" என்று அவள் கையைப் பிடித்தேன். கை ஜில்லிட்டிருந்தது.

"ஸ்தேபா" என்று என்னைக் கூப்பிட்டாள். "நேத்து அவரு ரேடியோல மார்ஃபா சித்திய விசாரிச்சாரு."

"நானும்தான் கேட்டேன். முழங்கால் வலி தேவலையான்னாரு. எம்புட்டு அக்கறைன்னு நெனச்சேன்."

"நமக்கு ஏதுக்கா மார்ஃபா சித்தி?" என்றாள் பாஷா.

"இல்லடி. யாருமில்ல. மார்ஃபா சித்தின்னா புவாலி."

புவாலி வளைகுடா தீவுக்கு அந்தப் பக்கம், ஷெலிகாஃப் நீரிணைக்கும் அப்பால். பனிமலைகளிலிருந்து வாடை நேராக இறங்கிக் கடலில் விழுகிற இடம். தெறிக்கிற அலை படகின்மேல் விழும்போதே ஐஸாகிவிடும். மரச்சுத்தியலை வைத்து அடித்துத் தள்ளிக்கொண்டேயிருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பாரம் ஏறிப் படகு கவிழ்ந்துவிடும். என் பெரியப்பா அங்கேதான் போனார். அவர் உடம்பு கரைக்கு வரவில்லை.

லுகேரியா ஃபோனை எடுத்துப் பார்த்தாள். முந்தின நாளே காற்றில் கம்பி அறுந்து செத்துக் கிடந்த ஃபோன். அது அவளுக்கே தெரியும். வைத்துவிட்டு ரேடியோவுக்கு வந்தாள். அதற்குள் பாஷா எழுந்து மைக்கின்மேல் கையை வைத்துவிட்டாள்.

"அக்கா, என்ன பண்ணப் போற?"

"தெரியலடி."

"கிழவியப் புவாலிக்குப் போகச் சொல்லப் போறியா? அவ மூக்குல தகடு இல்லக்கா! சிமென்ட்டுதான் இருக்கு. ஐஸு ஏறி மூக்கு அமுந்துச்சுன்னா அது எத்தன நேரம் தாங்கும்? அவரே சொன்னாரு, தூக்கத்துலகூட அந்த அறைதான் வருதுன்னு."

"நாலு பேரு இருக்காங்கடி அந்தப் போட்டுல."

"கிழவில எழுபது பேரு!"

"என்னடி ரெண்டு பேரும், தராசுல போட்டுப் பாக்குறீங்க?" என்று கத்திவிட்டேன். யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. அந்த வேதனை கோபமாக வந்தது.

பாஷா அடுத்துச் சொன்னதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. "போன வருஷமும் இப்பிடித்தான் புலி வருது புலி வருதுன்ன. அத்தான் மீன் வறுத்துட்டு உக்காந்திருந்தாரு."

லுகேரியா அடிபட்டவள்போல் அவளைப் பார்த்தாள். "இந்தத் தடவ அவரே கூப்புட்டாருடி. சாயுதுன்னாரு. நீ கேக்கல, நான் கேட்டேன்."

பாஷா தலையைக் குனிந்துகொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

லுகேரியா விரல்களிலிருந்த மாவை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ரேடியோவைவிட்டு விலகிப்போய் அடுப்போரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன் பாஷா. ஒன் கையத் தள்ளிவிட்டுட்டுச் சொல்ல மாட்டேன். போக வேண்டியது ஒன் புருஷன். நீ சொல்லுன்னாச் சொல்றேன்."

"பழிய எந்தலையில போடுறியே அக்கா!"

"பழி போடலடி. வேற வழி தெரியல எனக்கு."

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் லேசாக வெளுத்தது. எழுந்துபோய் ரெண்டு பேரையும் அறைந்துவிட்டு நானே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. யார் செத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம். அதுதான் உண்மை, மூடி மறைப்பானேன்.

ரேடியோ கரகரத்தது. மெடோராவின் ஆள் நிதானமாகப் பேசினான். "அல்பட்ராஸ் மேட்டில் எதுவும் தென்படவில்லை. கிழக்கே நகர்ந்து தேடுகிறோம்."

கிழக்கே என்றால் இன்னும் தூரம்.

பாஷாவின் தோள் ஒருதரம் குலுங்கியது. மூடியிருந்த அதே கையால் மைக்கை எடுத்தாள்.

"மெடோரா, மெடோரா. நிக்கிஃபோர் வீட்டுலருந்து பேசுறேன். ஆர்லீன் மேட்டுல இல்ல. புவாலில இருக்கு. புவாலி வளைகுடா வாசல்ல. எப்பிடித் தெரியும்னு கேக்காதீங்க, போங்க." மூச்சு வாங்கியது. "இஞ்சின் ரூம்ல வென்டல்கிட்டச் சொல்லுங்க. சொன்னது நான்தான்னு சொல்லுங்க. அவரு பொண்டாட்டிதான்னு."

மெடோராவின் ஆள், "புரிந்தது. புவாலிக்குத் திரும்புகிறோம்" என்றான்.

ஊரில் எல்லா அடுப்படியிலும் எல்லாப் படகிலும் அது கேட்டிருக்கும். "புவாலியா..." என்று ஹால்வர் ஒரு வார்த்தை சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

அதற்கப்புறம் எங்களுக்கு வேலை ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். கிழவி தென்முனையைச் சுற்றினாள். நீரிணைக்குள் நுழைந்தாள். ஐஸ் ஏறுகிறது, எல்லாரும் சுத்தியலோடு மேலே நிற்கிறார்கள் என்று சொன்னார்கள். சமையல்காரன்வரைக்கும் அடிக்கிறானாம். பகல் வந்த வேகத்தில் போய்விட்டது. நான் டீ போட்டேன், யாரும் குடிக்கவில்லை. பிரோக்கைச் சுட்டு எடுத்தேன், அதுவும் அப்படியே இருந்தது. எதையாவது செய்துகொண்டிருக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போலிருந்தது.

இருட்டிய பிறகு மெடோராவின் ஆள் சொன்னான். "முன் அடியறையில் நீர் வருகிறது. பம்ப் ஓடுகிறது. பயணத்தைத் தொடர்கிறோம்."

பாஷா எழுந்து தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் பித்தம். லுகேரியா அவள் முடியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

"திரும்பி வரச் சொல்லட்டுமா?" என்றாள் லுகேரியா மெல்ல.

"இனிமே நாம சொன்னாக் கேப்பாங்களா? நீ உக்காரு."

அவர்களை வளைகுடா வாசலில் கண்டுபிடித்தார்கள். படகு இல்லை. ரப்பர் மிதவையில் கிடந்தார்கள். ஒருவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று தூக்கத் தூக்கச் சொன்னார்கள். மூன்றாவது பெயர்தான் நிக்கிஃபோர். லுகேரியா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மைக்கை அழுத்தாமலே ரேடியோவைப் பார்த்து, "நாலாவது?" என்றாள்.

நாலாவது எமில். ஆர்லீனின் சமையல்காரன், இன்னும் கல்யாணமாகாத பையன். மிதவையில் கொஞ்சம் முன்புவரை பேசிக்கொண்டிருந்தானாம். கொஞ்சம் முன்பு என்றால் எவ்வளவு என்று எங்கள் மூன்று பேரில் யாரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

மறுநாள் மதியம் கிழவி துறைக்கு வந்தாள். ஊரே நின்றது. மூக்கு அமுங்கி, வால் தூக்கி, உச்சிமுதல் அடிவரை வெள்ளையாக வந்தாள். பெயரெழுத்துகூடத் தெரியவில்லை. எமிலைப் போர்த்தி இறக்கினார்கள். கடைசி ஆளாக வென்டல் இறங்கினான். சிமென்ட் பெயர்ந்துபோனதாம். மெத்தைகளையும் மரக்கட்டைகளையும் ஓட்டையில் முட்டுக்கொடுத்து, வழி முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறான். பாஷா அவன் நெஞ்சில் ரெண்டு கையாலும் குத்தினாள். அவன் குத்து வாங்கிக்கொண்டு நின்றான்.

நிக்கிஃபோரின் விரல்களைக் குளிர் தின்றிருந்தது, கைகள் ரெண்டிலும் கட்டு. வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தான். லுகேரியா சூப்பை ஊட்டப்போனாள். வாயைத் திறக்கவில்லை. அவன் என்ன கேட்பானோ என்று எனக்குப் பயம். அவள் சத்தியத்தை மீறினாள் என்பானோ, இடம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்பானோ?

"எமில் கேட்டுக்கிட்டே இருந்தான்" என்றான். "'நாம இங்க இருக்கோம்னு கிழவிக்குத் தெரியுமாண்ணே'ன்னான். தெரியும்டா, நான்தான் சொல்லியிருக்கேன்லன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டான். தெரியும்டா தெரியும்டான்னேன்."

லுகேரியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

எமிலை அடக்கம் பண்ணினோம். கிழவியைத் துறையில் கட்டிப்போட்டு ராப்பகலாகப் பம்ப் ஓடியது. பழுது பார்க்கிற உலர்துறைக்குக்கூட அவளை இழுத்துத்தான் போகவேண்டும், இனி சொந்தக் காலில் கடலுக்குப் போகமாட்டாள் என்று வென்டல் சொன்னான். புதுக் கப்பல் வர வசந்தம் ஆகும். அதுவரை மீட்புக்கு விமானம் உண்டு. ஆனால் அந்த வாடையில் விமானம் எங்கே ஏறும்?

வாடை ஓய்ந்து கடல் தெளிந்தது. தெளிந்த அன்றைக்கே துறையிலிருந்த படகெல்லாம் கிளம்பிவிட்டது. எங்கே என்று கேட்கவே வேண்டாம். நிக்கிஃபோர் உயிரைப் பணயம் வைத்து ஒளித்த இடமென்றால் அங்கே எவ்வளவு நண்டு இருக்கும் என்று ஒவ்வொருவனும் கணக்குப் போட்டிருந்தான். ஹால்வரும் போனான். ஸாவாவும் போனார். "போகாதீங்க, எனக்குப் பயமாருக்கு" என்றேன். "எல்லாரும்தான போறாங்க, என்ன பயம்?" என்றார்.

ரெண்டே நாளில் வாடை திரும்ப எழுந்தது.

நான் லுகேரியா வீட்டுக்குத்தான் ஓடினேன். தனியாக உட்கார்ந்து ரேடியோவைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பாஷாவும் வந்துவிட்டாள். அவள் புருஷன் வீட்டில் பத்திரமாகத் தூங்குகிறான். அவள் வரவேண்டிய அவசியமே இல்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிக்கிஃபோர் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோவுக்கு எதிரே இருந்தான். இத்தனை வருஷத்தில் அந்தச் சாயங்காலப் பேச்சை அடுப்படியிலிருந்து கேட்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

முதலில் வருவது எப்போதும் ஹால்வர்தான். வழக்கமாக, "எங்க இருக்கோம்னு எங்களுக்கே தெரியல, மீன்கிட்ட வழி கேட்டுட்டிருக்கோம்" என்று ஏதாவது கிண்டல் செய்வான். அன்றைக்கு அவன் குரலில் சிரிப்பில்லை.

"ஹால்வர் பேசுறேன். புவாலி வளைகுடா, வடக்கு முனைக்கு உள்ள, கரையிலருந்து ரெண்டு மைல். அஞ்சு பேரு. திருப்பிச் சொல்றேன். புவாலி, வடக்கு முனை, ரெண்டு மைல். யாராவது குறிச்சுக்கோங்க."

பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. ஸாவா கோழியைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அடுத்த படகு வந்தது. அவனும் முனையையும் மைலையும் ஆட்களையும் தெளிவாகச் சொன்னான். அடுத்தவனும் அப்படியே. ஒருத்தன் தன் மகள் பெயரைச் சொல்லி, இடத்தை அவளிடமும் சொல்லச் சொன்னான். இடம் தெரிந்தும் தேடிப்போகக் கிழவிதான் இல்லை.

நிக்கிஃபோரின் முகம் வெளிறிப்போயிருந்தது. ரேடியோவை நோக்கிக் குனிந்தான். மைக்கைப் பிடிக்க அவனுக்கு விரல்கள் இல்லை.

"பொய் சொல்லுங்கடா" என்றான். "ஒருத்தனாவது பொய் சொல்லுங்கடா."

அடுத்த குரல் வந்தது. அவனும் புவாலி என்றான்.